கொதிக்க வைத்த கிருமி

மலர்க்கொடி எதையும் கொதிக்க வைக்காமல் வாய்க்குக் கொடுக்க மாட்டாள். லாரித் தண்ணீர், பாக்கெட் பால், கோயில் தீர்த்தம் வரைக்கும் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளருக்கு வரும். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் இருந்த திருவொற்றியூர்க் குப்பத்தில் பேதி கண்டு நாலைந்து பேர் போனதிலிருந்து அப்படி. "யக்கா சோடாவக்கூட சுட வச்சுத்தான் குடிக்கும்" என்று பக்கத்து வீட்டு மங்கை வருஷக்கணக்காக ஒரே கேலியைச் சொல்லி, தானே சிரித்துக்கொள்வாள்.

மலர்க்கொடி காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். புருஷன் தண்டபாணி விசைப்படகு டிரைவராக இருந்தவன். வலது கை தானாக ஆடத் தொடங்கி, காலும் தரையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் படகுக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். மூளையில் ஊற வேண்டிய ஏதோ ஒன்று வற்றுகிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் நடப்பான், தானே சாப்பிடுவான். படகின் ஸ்டீயரிங்கைப் பிடிக்க மட்டும் முடியாது. அவனுக்கு வேண்டியிருந்ததோ அந்த ஒன்றுதான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பாட்டில் மருந்து விற்கிற ராமசுப்பு வந்தான். திருவொற்றியூர் வெயிலில் கழுத்துக்கு டை, இடுப்பில் செல்போன். அந்த டையைப் பார்த்ததும் மலர்க்கொடிக்கு நம்பிக்கை போயிற்று. மற்றவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது. மங்கை அவனுக்குக் கீழே ஏஜெண்டாகவே சேர்ந்துவிட்டாள்.

லேமினேட் செய்த நியூஸ் பேப்பர் துண்டு ஒன்றை அவன் காட்டினான். வெளிநாட்டில் கிருமியைப் பழக்கி, மூளைக்கு மருந்து கொண்டுபோக வைக்கப் பார்க்கிறார்களாம்.

"மூளைக்கு ஒரு கேட் இருக்கு சார், நம்ம ஹார்பர் கேட் மாதிரி. மருந்து போனா பாஸ் இல்லன்னு திருப்பி அனுப்பிடும். எங்க பாட்டில்ல இருக்கறது உயிருள்ள கிருமி. குடல்ல உக்காந்து தானே மருந்து தயாரிச்சு, நரம்பப் புடிச்சு மேல ஏறிடும். மாத்திரைய மட்டும் நிறுத்திடுங்க. ரெண்டும் ஒத்துப்போகாது."

மலர்க்கொடி எழுத்துக்கூட்டிப் படிப்பாள். 'எலிகளிடம் மட்டுமே' என்று ஒரு வரி தொடங்குவதையும், அதன்மேல் அவன் கட்டைவிரல் குந்தியிருப்பதையும் பார்த்தாள்.

"மாத்திரய நிறுத்தாதய்யா" என்றாள், அவன் போன பிறகு.

"மீன் தலய வெட்றவளுக்கு மன்சன் தலயப் பத்தி இன்னா தெரியும்? போவியா" என்றான் தண்டபாணி.

பாட்டில் வந்தது, மாத்திரை நின்றது. உள்ளே கலங்கலாகப் புளித்த நீர். கிருமி என்ற சொல்லுக்கு மலர்க்கொடியிடம் ஒரே வைத்தியம்தான். தினமும் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற்றிக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரத்தில் தண்டபாணி கட்டை மாதிரி ஆகிவிட்டான். சட்டைப் பொத்தான் போட, சோறு ஊட்ட எல்லாவற்றுக்கும் அவள்தான். அந்த லட்சணத்தில் அவனை மங்கை வீட்டு வாசலில் உட்கார வைத்து, தெருவையே கூட்டினான் ராமசுப்பு.

"பாருங்க, கை ஆடவே இல்ல!"

எப்படி ஆடும்? ராமசுப்புவே அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தான்.

"எழுந்து நடங்க சார்."

தண்டபாணியால் பாதத்தை அசைக்க முடியவில்லை. ராமசுப்புவுக்கு வியர்க்கவாவது வேண்டாமா? "நல்ல அறிகுறி! கேட்ல நம்ம கிருமி சண்டை போட்டுட்டு இருக்கு" என்றான்.

நாலு பேர் நடுவில் வாய் திறந்தே பழக்கமில்லாத மலர்க்கொடி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சார், அத்த கொதிக்க வச்சா இன்னா ஆவும்?"

"ஐயையோ, செத்துடும்மா. சூடே காட்டக்கூடாது."

"நான் டெய்லி கொதிக்க வச்சுத்தான குடுத்தேன். அப்ப உள்ளாற சண்ட போட்டுகினு கீறது யாரு சார்?"

முதலில் சிரித்தது மங்கை. தான் ஏஜெண்ட் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ராமசுப்பு, அடிக்காத செல்போனைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றபடியே தெருமுனை திரும்பினான்.

தண்டபாணிக்குக் கோபம் அவன்மேல் வரவில்லை. "பாவி, என் கிருமிய சாவடிச்சிட்டியேடி!" என்று கத்தினான். கத்தத் திறந்த வாயிலேயே மாத்திரையைப் போட்டாள். இரண்டு நாளில் கால் நகர்ந்தது.

இன்று மங்கை கற்றாழைச் சாறு விற்கிறாள். தண்டபாணி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறான், கை ஆடுகிறது, படகு ஓட்டவில்லை. மலர்க்கொடி கொதிக்க வைக்காமல் கொடுத்திருந்தால் ஓட்டியிருப்பேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.