புலி ராமதாஸ் காட்டுக்குள் போன கதை

சதுரங்கப்பட்டினத்தில் ராமதாஸ் வீடு எது என்று கேட்டால் எந்த ராமதாஸ் என்பார்கள். புலி ராமதாஸ் என்றால் வாசல் வரைக்கும் கூட்டிவந்து விடுவார்கள். சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருடமாக முதுமலை, டாப்ஸ்லிப், களக்காடு என்று புலி இருக்கிற காடாகப் பார்த்து ஆட்களைக் கூட்டிப்போகிறவர். வேனின் பின்கண்ணாடியில் வாயைப் பிளந்த புலி ஸ்டிக்கர் ஒன்று உண்டு. அதன் ஒரு காதைக் குரங்கு பிய்த்துவிட்டது.

டீக்கடையில் அவர் அளந்துவிட்ட புலிகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்று பானட்டில் காலைத் தூக்கி வைத்ததாம். இன்னொன்று சைடு கண்ணாடியில் மூஞ்சி பார்த்துக்கொண்டதாம்.

"அப்பறம் இன்னா பண்ண அண்ணாத்த?"

"இன்னா பண்றது? ஹார்னை மெதுவா ஒரு தட்டு தட்டுனேன். அதுவும் புரிஞ்சிகினு ஒதுங்கிச்சி."

உண்மை என்னவென்றால், ராமதாஸ் ஒருநாளும் காட்டுக்குள் போனதே இல்லை. சஃபாரிக்கு வனத்துறை பஸ்ஸில்தான் ஏற வேண்டும். கூட்டிவந்த வண்டியும் அதன் டிரைவரும் பார்க்கிங்கோடு சரி. ரோட்டோரத்தில் மான் பார்த்திருக்கிறார், யானையும் பார்த்திருக்கிறார், புலியின் வாலைக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு, கொஞ்சம் மசாலா தூவி ஊருக்குக் கொண்டுவருவார். போகப்போக அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நாமே இவ்வளவு சரடு விடுகிறோம், அவர்கள் மட்டும் உத்தமர்களா? புலி என்று ஒன்று கிடையவே கிடையாது, ஆளுக்கு ஆள் கதை கட்டுகிறார்கள் என்று உள்ளூர முடிவே கட்டிவிட்டார்.

ஊர் நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும். மனைவி எல்லம்மாளும் நம்பினாள், சிக்கலே அதுதான். லீவு நாளில்தான் வண்டிக்கு ஆள் வரும் என்பதால், பத்தொன்பது பொங்கலில் ஒன்றுக்குக்கூட அவர் வீட்டில் இல்லை. முதல் வருடம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைச் சமாதானம் செய்யத்தான் முதல் புலியை அவிழ்த்துவிட்டார். வாயைப் பிளந்து கேட்டவள், "நீயாவது பாக்குறியே, போய்ட்டு வா" என்றாள். அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு புலி தேவைப்பட்டது. பொய் என்று தெரிந்தால் அவள் மூஞ்சியில் எப்படி விழிப்பது என்ற பயம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

போன ஆவணியில் எல்லம்மாளின் மகளிர் குழு அவருடைய வேனிலேயே முதுமலைக்குக் கிளம்பியது. வழியெல்லாம் அறிவுரைதான். சத்தம் கூடாது, சிவப்புப் புடவை கூடாது, மல்லிப்பூ கூடாது. திண்டிவனம் தாண்டுவதற்குள் இருபது தலைகளிலிருந்தும் பூ இறங்கிவிட்டது.

மலையேறும்போது வாந்தியெடுத்த பூவாயி, பார்க்கிங்கில் வேனை விட்டு அசைய மாட்டேன் என்று படுத்துவிட்டாள். குழுத் தலைவியின் பெயர் வேண்டா. மிச்சமான டிக்கெட்டை அவள் ராமதாஸிடம் நீட்டினாள்.

"நீ வாண்ணே. நீ இருந்தா புலி எங்க கீதுன்னு கரெக்டா காட்டுவ."

ராமதாஸ் டிக்கெட்டைத் தொடவில்லை. "வண்டிய யாரு பாத்துக்கறது? கொரங்கு வைப்பரைப் புடுங்கிடும்."

"அதான் பூவாயி படுத்துகினு கீதே, வாய்யா" என்று எல்லம்மாள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

அரைமணி நேரம் மானும் மயிலும்தான். "எங்கண்ணே?" என்று கேட்டவர்களிடம், "மோப்பம் புடிச்சிகினு கீறேன், இரு" என்று சமாளித்தார். "அவருக்கு இந்தக் காடு அத்துப்படி" என்றாள் எல்லம்மாள், பெருமையாக.

ஒரு வளைவில் பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். புதரை விலக்கிக்கொண்டு புலி வந்தது. உறுமவில்லை, யாரையும் சட்டை செய்யவில்லை. தன் வீட்டு முற்றத்தைக் கடப்பதுபோல ரோட்டைக் கடந்தது. பெண்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராமதாஸ் துள்ளி எழுந்து, மேல்கம்பியில் தலையை இடித்துக்கொண்டு, காடே அதிரும்படி கத்தினார்.

"ஐயோ எல்லம்மா! நெஜமாவே கீதுடீ!"

புலி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் புலியை விட்டுவிட்டு ராமதாஸைப் பார்த்தார்கள்.

திரும்பும்போது வேன் சிரிப்பில் குலுங்கியது. "ஹார்ன் அடிக்க மறந்துட்டியாண்ணே?" என்றாள் வேண்டா. முன்சீட்டில் எல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எப்போது திட்டு விழும் என்று ராமதாஸ் காத்திருந்தார். மலையிறங்கும்போது அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்போ பொங்கலன்னிக்கெல்லாம் எங்க இருந்த?"

"வண்டியில."

"நாள் பூராவா?"

"சீட்டைச் சாய்ச்சிகினு படுத்துக்குவேன்."

"இன்னா துன்னுவ?"

"பன்னு. கொரங்கு வுட்டுச்சின்னா."

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ புலி பாக்குறன்னுதான்யா வுட்டேன். ஒரு வருசம் சொல்லியிருந்தாகூட, பொங்கச் சோத்தைக் கட்டிகினு நானும் வந்து உங்கூட அந்த வண்டியில குந்தியிருப்பேனே."

ராமதாஸுக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. வேனை ஓரமாக நிறுத்தினார்.

"இன்னாண்ணே, பஞ்சரா?" என்று பின்னாலிருந்து வேண்டா கேட்டாள்.

"ஆமா" என்றார். யாரும் இறங்கிப் பார்க்கவில்லை.