டொக்டர் அறையில் லைட்

கல்முனையில் அந்தத் தனியார் கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் பெண்ணை எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்பு அபாயா, ஸ்கார்ஃபில் செருகிய பேனை. காத்திருப்பவர் யாராவது சலித்து எழும்பினால், உடனே டொக்டரின் அறைக்குள் போய் லைட்டைப் போடுவார். கண்ணாடிக் கதவில் வெளிச்சம் தெரிந்ததும் எழும்பியவர் திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

சீனி வருத்தத்தால் கால் புண் ஆறாத உம்மாவோடு அன்று பின்னேரம் அஸர் தொழுகை நேரத்திலிருந்து காத்திருந்தேன். பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பாங்கும் சொல்லியாயிற்று. பொறுக்காமல், லைட் எரிந்த அந்த அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். டொக்டர் உட்காரும் இடத்தில் வெறும் கதிரை.

"ஆளில்லாத அறைக்கு என்னத்துக்கு ராத்தா லைட்டு? எங்கள மடையனாக்கவா?"

அவர் கோபப்படவில்லை. "லைட்ட நிப்பாட்டினா எல்லாரும் ஊட்டுக்குப் போயிருவாங்க தம்பி. பொறகு டொக்டர் வந்து, ஆக்களில்லண்டு அவரும் திரும்பிப் போயிருவாரு. அப்பிடியும் நடந்திரிக்கி."

அன்று டொக்டர் வரவேயில்லை. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, உம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன்.

மறுநாள் இரவு ஓட்டோவில் அந்த வழியால் போகும்போது உம்மா கிளினிக் பக்கம் கையை நீட்டினார். "மனே, லைட் எரியிது."

உள்ளே டொக்டர் இருக்கிறாரோ, அதே வெறும் கதிரைதானோ. ராத்தாவை ஏசிக்கொண்டே ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன்.