பீட்சா தோட்டத்து மிளகாய்ச் செடி

பிள்ளைகளோடு தோட்டம் போடுவது எப்படி என்று எங்கள் மேனேஜர் போனில் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தமானில் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் நான் மாலி, தோட்டக்காரன். அதற்கு முன் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நாற்றுப் பார்த்தேன். அதை மூடினார்கள். இங்கே வந்தேன். செடி தெரியும். வேறு தெரியாது.

"பீட்சா தோட்டம்" என்றார் மேனேஜர். வட்டப் பாத்தி. கல் பதித்து எட்டுத் துண்டு. தக்காளி, மிளகாய், வெங்காயம், துளசி. தங்க வருகிறவர்களின் பிள்ளைகள் நட வேண்டும். ஐஸ் குச்சியில் பெயர் எழுதி ஊன்ற வேண்டும். பெற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள்.

"உங்க செடி இங்கேயே வளரும். மாசாமாசம் போட்டோ அனுப்புவோம்" என்பார். பிள்ளைகள் கை தட்டும்.

அவர்கள் போட் ஏற ஜெட்டிக்குப் போனதும் என்னைக் கூப்பிடுவார். "அண்ணா, நிகாலோ."

பிடுங்க வேண்டும். திரும்பவும் கறுப்புப் பையில் வைத்து மண் அணைக்க வேண்டும். குச்சியைச் சுரண்டிப் பெயரை அழிக்க வேண்டும். நாளைக்கு வேறு பிள்ளைகள், அதே செடி.

"வேர் அறுந்துரும் சார்" என்றேன் முதல் நாள்.

"அரே, செடி சாகட்டும்ணா. போட்டோ சாகுமா?"

சிரித்தார். பல் மட்டும் நன்றாக இருந்தது.

பிடுங்கினேன். சம்பளக்காரன். ஒரே மிளகாய்ச் செடியை ஐந்து பிள்ளைகள் நட்டார்கள். மாதம் பிறந்ததும் போனில் எங்கோ கிடைத்த படம் ஐந்து வீட்டுக்கும் போனது. ஐந்து அப்பன்களும் சூப்பர் என்று பதில் போட்டார்கள். படத்தில் இருந்தது கத்தரி. ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

மழை தொடங்கும் சமயம் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எட்டு வயதுப் பெண். மற்றப் பிள்ளைகள் நட்டதும் கை கழுவ ஓடினார்கள். இது ஓடவில்லை. செடி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது.

"அங்கிள், இது ஏன் தொங்குது?"

"இடம் மாறி மாறிக் களைச்சுப் போச்சு."

"நீங்க பாத்துக்குவீங்கள்ல?"

தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

மதியம் கிளம்பினார்கள். பிடுங்கினேன். மூன்று மணிக்கு அதே ஜீப் திரும்பி வந்தது. கடல் சரியில்லை, போட் கேன்சல். அந்தப் பெண் நேராகப் பாத்திக்கு ஓடி வந்தது. வெறும் மண்.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். "நத்தை தின்னிருச்சு பேட்டா. இங்க நத்தை ரொம்பப் பெருசு."

எட்டுத் துண்டையும் தின்று, குச்சிகளையும் தூக்கிக்கொண்டு போன நத்தை.

பெண் என்னைப் பார்த்தது. "நிஜமாவா அங்கிள்?"

மேனேஜரும் என்னைப் பார்த்தார்.

"இல்ல பாப்பா. நான்தான் பிடுங்குனேன்."

கூட்டிப்போய்ப் பைகளைக் காட்டினேன். பெண் அழவில்லை. அதன் அப்பா, "விடுடா, ஒரு மிளகாச் செடிதானே. ஊர்ல வாங்கித் தரேன்" என்றார். அவர் வீடியோ நன்றாக வந்திருந்தது. அவருக்கு என்ன.

"எது என்னுது?"

"ஓரத்துல இருக்கறது."

"இன்னொரு தடவை பிடுங்கினா?"

"செத்துரும்."

"அப்ப பிடுங்காத இடத்துல வைங்க."

எங்கள் ஆட்கள் தங்கும் கொட்டகைக்குப் பின்னால் தோண்டினேன். அந்தப் பெண் கையால் மண் அள்ளியது. தன்னுடையதை மட்டும் வைக்கவில்லை. எல்லாப் பையையும் காலி செய்தது. மறுநாள் போட் போனது. பெண்ணும் போனது. போட்டோ அனுப்பச் சொல்லவில்லை.

மேனேஜர் வந்தார். "புது பார்ட்டி ஆ ரஹா ஹை, வந்துட்டே இருக்காங்க. செடிய எடுங்கண்ணா."

"மாட்டேன்."

"அப்ப பசங்க எதை நடுவாங்க?"

"குச்சிய நடட்டும் சார். போட்டோல அதுதானே தெரியுது."

அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார். வேலியில் குரோட்டன்ஸ் ஒடித்து ஊன்றச் சொன்னார். பிள்ளைகள் கை தட்டின. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வேறு மாலி கிடைக்க மாட்டான். அது அவருக்குத் தெரியும்.

தக்காளி எல்லாம் மழையில் அழுகியது. அந்த மிளகாய் பிழைத்தது. காய்த்தது. இப்போது மேனேஜர் தங்க வருகிறவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டி வருகிறார். எங்கள் குட்டி விருந்தாளிகள் வளர்த்தது என்கிறார். போன வாரம் காட்டுவதற்கு ஒரு காயைப் பறிக்கப் போனார்.

"அதத் தொடாதீங்க சார்" என்றேன்.

தொடவில்லை.