மூன்றாம் பேஸ் தர்ஷினி

செய்தி வந்தபோது நான் குளியல் தொட்டிக்குள் அணியின் ஹெல்மெட்டுகளைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மருமகள் அபிரா, என் தங்கையின் மகள்.

"மாமா, தர்ஷினி அக்கா இல்லை."

"எங்கை இல்லை?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவும் சொன்னாள். வேலையிடத்தில் மயங்கி விழுந்தாராம். மூளைக்குள் இரத்தக்கசிவாம். ஆம்புலன்ஸ் வரும்போதே முடிந்துவிட்டதாம். "ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டு மிச்ச ஹெல்மெட்டுகளையும் கழுவினேன். துணியால் துடைத்து அடுக்கியும் வைத்தேன். ஜெர்மனி உருவான நாளிலிருந்து அந்த ஹெல்மெட்டுகள் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

டோர்ட்மண்டில் எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் சொஃப்ட்போல் அணியைச் சுற்றித் திரிந்தவர்களுக்குத் தர்ஷினியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பகலில் பல் வைத்தியரிடம் வேலை, மாலையிலும் ஞாயிறுகளிலும் அந்த அணியின் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். துணை மட்டும் மாறவில்லை. நானோ அந்த அணியின் போக்குவரத்து அமைச்சர், தளபாட மந்திரி, பந்து பொறுக்கும் படையின் தளபதி. அதாவது, மருமகள் விளையாடப் போனதால் என் பழைய வான் வண்டியில் எல்லோரையும் ஏற்றி இறக்கியவன்.

பயிற்சிக்குத் தர்ஷினி அடித்துக் கொடுக்கும் பந்து நெதர்லாந்தில் போய் விழும், அங்குள்ள சுங்கக்காரர் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார் என்று நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. தர்ஷினி மட்டையைத் தோளில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"அண்ணை, அரைவாசி."

"சரி, எல்லை மட்டும்தான் போகும்."

"அதிலையும் அரைவாசி."

என் வாயிலிருந்து வருகிற எதையும் அவர் அப்படித்தான் வெட்டிக் குறைத்து வாங்கிக்கொள்வார்.

கல்யாண வீடுகளில் எங்கள் ஆட்கள் அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப பிள்ளை நீ பெரிய கோச் ஆகப்போறாய்?" சிரித்துவிட்டு வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். வான் வண்டியில் என்னிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னார். "எனக்கும் விருப்பம்தான் அண்ணை. ஆனால் மூண்டாம் பேஸை விடமாட்டன். அங்கை நிண்டால்தான் ஓடிவாற பிள்ளையின்ரை முகம் தெரியும்."

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு: ஓடுகிறவள் பேஸ் என்ற மூன்று தரிப்பிடங்களையும் கடந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். மூன்றாவதில் நிற்கும் பயிற்சியாளர், ஓடிவருகிறவளுக்குக் கையால் சொல்ல வேண்டும். கையைச் சுழற்றினால் ஓடு. இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினால் நில்.

சில வருஷங்களுக்கு முன், இறுதிப் போட்டிக்குப் போவதற்கான ஆட்டம் அது. ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இரண்டாம் பேஸில் அபிரா. பந்து புல்வெளியின் கடைசிக்கு உருண்டது. அபிரா பறந்து வந்தாள். ஓடு, ஓடு என்று கத்தினோம். என் சத்தத்தில் மட்டும் ரூர் பகுதி முழுவதும் சன்னல்கள் ஆடின. தர்ஷினி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அபிரா நின்றாள். அடுத்தவள் ஆட்டமிழந்தாள். தோற்றோம்.

தலைமைப் பயிற்சியாளர், எந்தக் கதவுக்குள்ளும் தலையிடிக்காமல் நுழைந்திராத உயரக்காரர், எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்டார். "என்னுடைய பிழை" என்று தர்ஷினி டொச் மொழியில் சொன்னார். அபிரா வானுக்குள் ஏறும்போது, "மாமா, அவவோடை கதைக்காதேங்கோ" என்றாள்.

மறுநாள் அபிராவால் படியிறங்க ஏலவில்லை. கணைக்கால் எலும்பில் வெடிப்பு. பல நாளாக நோவை மறைத்து விளையாடியிருக்கிறாள். இன்னும் ஒருமுறை விழுந்தடித்து ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகியிருக்கும் என்றார் வைத்தியர்.

ஊன்றுகோலோடு அவளைத் தர்ஷினி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அபிரா கேட்டாள்.

"சிரிச்சுக்கொண்டு வந்தாய். நீ ஓடேக்கை ஒருநாளும் சிரிக்கிறேல்லை."

அந்தப் பருவத்தோடு உயரக்காரர் விலகினார். தலைமைப் பதவி தர்ஷினிக்குத்தான் என்றிருந்தோம். அந்த ஒரு ஆட்டத்தைக் காட்டி நிர்வாகம் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தது. எலும்பு விஷயத்தை ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று தர்ஷினியோடு சண்டைக்குப் போனேன்.

"நோவை மறைச்சவள் எண்டு தெரிஞ்சால் அவளைத் திரும்ப எடுக்கமாட்டினம், அண்ணை."

"உன்ரை வாழ்க்கையே போச்சு, பிள்ளை."

"அரைவாசி" என்றார். பிறகு புது ஆளுக்கு மைதானத்துப் பூட்டுக்குத் திறப்பு எது, கொட்டிலின் திறப்பு எது என்று காட்டப் போய்விட்டார். அடுத்த வருஷம் அபிரா விளையாடினாள். மூன்றாம் பேஸில் தர்ஷினி நின்றார். அதற்குப் பின் வந்த வருஷங்களிலும் நின்றார்.

போன வெள்ளிக்கிழமை தகனம் முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். தட்டை நான் வாங்கிக்கொண்டேன். பழைய பிள்ளைகள், பெற்றோர், பல் வைத்தியர், அந்த உயரக்காரர், எல்லோருக்கும் நீட்டினேன். பாதி ஐரோப்பா வந்துவிட்டது, மீதிப் பாதி வாகனம் நிறுத்த இடம் தேடுகிறது என்றேன். சிரித்தார்கள். "அரைவாசி" என்று சொல்ல ஒருவரும் இல்லை. நெதர்லாந்துச் சுங்கக்காரர் கதையையும் சொன்னேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. தட்டு பாரமாகவும் இல்லை, சூடாகவும் இல்லை.

மண்டபத்தின் மறுகோடியில் அபிரா நின்றிருந்தாள். நான் சிரித்தபடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினாள்.

நின்றேன். தட்டை அவள் வாங்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

தர்ஷினியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு உள்ளங்கைகள்தான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.