கறுப்பாக எரிந்த சுடர்

காலை ரயிலைப் பிடிக்க நான் செருப்பை மாட்டும்போதுதான் அம்மாவுக்குத் திருஷ்டி ஞாபகம் வந்தது. பெங்களூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை வேலைக்கு அன்று எனக்கு நேர்முகத் தேர்வு. வருடக்கணக்காகத் தற்காலிக வேலையில் அல்லாடிக்கொண்டிருந்தவளுக்கு நிரந்தர வேலை. கல்லுப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றி, காகிதத்தில் மடித்துக் கையில் திணித்தாள்.

"முச்சந்தில போட்டுட்டு திரும்பிப் பாக்காம போ, இன்னா?"

முச்சந்தி வருவதற்குள் எங்கள் கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஊதிவிட்டது. ஓடினேன். பொட்டலமும் கைப்பையில் என்னோடு பெங்களூர் வந்து சேர்ந்தது.

தேர்வுக் குழுவில் ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, "கே.ஜி.எஃப்பா? சுரங்கத்தைத்தான் மூடிட்டாங்களே, அங்க இன்னும் என்ன இருக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலை வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அணுக்கள் ஒளியை எப்படி விழுங்குகின்றன, எப்படி உமிழ்கின்றன என்று பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். ஜன்னல்களைச் சாத்தி, அவர்கள் ஆய்வகத்துச் சோடியம் விளக்கைப் போட்டேன். அறையே மஞ்சளானது. அதன் முன்னால் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சுடரில் உப்பைக் காட்ட வேண்டும். பார்த்தால் உப்பு பாட்டில் காலி! உதவியாளர் கேன்டீனுக்கு ஓடினார். குழுவினர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பொட்டலம் நினைவுக்கு வந்தது. மிளகாயை ஒதுக்கிவிட்டு, உப்பை நுணுக்கி, ஈரக் கம்பியில் ஒற்றி நெருப்பில் நீட்டினேன். மற்ற நேரமாக இருந்தால் மஞ்சளாகப் பொங்கியிருக்கும். சோடியம் விளக்கின் முன்னால் அந்தச் சுடர் கறுப்பாக நின்று ஆடியது.

பிறகு நான் விளக்கியது இவ்வளவுதான். சோடியம் அணு தனக்கென்று ஒரு மஞ்சளை வைத்திருக்கிறது. சூடேறினால் அதை உமிழும், அதே மஞ்சள் எதிரே வந்தால் விழுங்கும். விழுங்கியதை நாலாபக்கமும் வாரி இறைத்துவிடுவதால், நேராக நம் கண்ணுக்கு வருவது குறைந்துபோகிறது. அதனால்தான் கறுப்பு. அன்றைக்கு என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

சிரித்தவர் எழுந்து கிட்டே வந்து சுடரைப் பார்த்தார். "உப்பு ஏது?"

"கே.ஜி.எஃப்ல இருந்து சார். அங்க இன்னும் இருக்கு."

வேலை கிடைத்தது. முச்சந்தியில் போடாததற்குத் திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நெருப்புலயா போட்ட? அப்ப சரி, எல்லாக் கண்ணும் எரிஞ்சி பூட்ச்சி" என்றாள். பெருமை தாங்காமல், மகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தன் உப்புதான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் மறுக்கவில்லை. இயற்பியல்படி பார்த்தாலும் அது உண்மைதான்.