பெயிண்டர் கலந்த பிஸ்தாப் பச்சை

காவலூர் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டைப் பார்த்தால், சுவர் என் வேலையாக இருக்கும். சுவரின் நிறம் கலையரசன் வேலையாக இருக்கும். நான் கொத்தனார், அவன் பெயிண்டர். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நல்லவன், வாய்தான் அதிகம். புடவைத் துண்டைக் காட்டினாலும் சரி, மாம்பழத்தைக் காட்டினாலும் சரி, அதே நிறத்தைச் சுவரில் கொண்டுவந்துவிடுவான். ஓரத்தில் கொஞ்சம் அடித்துக் காட்டு என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். தன் கண்ணை நம்பாதவன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பான்.

அவன் மனைவி தேவயானி திருப்பத்தூரில் பயிற்சிக்குப் போய்வந்து சாமை மாவில் பிஸ்கட் சுட ஆரம்பித்தாள். முட்டை வெள்ளைக்கருவையும் பொடித்த சர்க்கரையையும் நுரைக்க அடித்து, அந்த ஐசிங்கில் சாப்பிடுகிற கலரைக் கலந்து, பிஸ்கட் மேல் பூசுவாள். ஊரில் இரண்டு மூன்று பிறந்தநாளுக்கு வாங்கினார்கள். போன தை மாதம் வாணியம்பாடியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஃபக்ருன்னிசா அம்மா மகள் அஃப்ராவின் நிச்சயத்துக்கு, இலை வடிவத்தில் நூற்றிருபது. துப்பட்டாவில் கத்தரித்த ஒரு துண்டும் கொடுத்தனுப்பினார். இளம் பிஸ்தாப் பச்சை. அதே நிறத்தில் வந்தால் கல்யாணத்துக்கும் நீதான் என்று சொல்லியிருந்தார். அந்தக் கல்யாண ஆர்டரை நம்பி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து அறையைக் கடைக்குக் கேட்டு வைத்திருந்தாள் தேவயானி.

துணியைப் பார்த்ததும் கலையரசனுக்குக் கை துறுதுறுத்தது. அவளிடமிருந்து ஐசிங் கிண்ணத்தைப் பிடுங்கி அவனே கலரைக் கலந்தான். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, துணியவிடத் தூக்கலா இருக்குதே?" என்றாள் தேவயானி.

"ஈரத்துல அப்டித்தான் தெரியும். காஞ்சா வெளுத்துரும். நான் பாக்காத கலரா?"

சுவருக்கு அடிக்கிற டிஸ்டம்பர் அப்படித்தான். ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பயிற்சியில் ஏதோ சொன்னார்கள் என்று அவள் ஆரம்பித்ததை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. எண்பது பிஸ்கட்டுக்குப் பூசியதும் ஐசிங் தீர்ந்தது. மீதி நாற்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள்.

ஐசிங் டிஸ்டம்பர் இல்லை. காயக் காய நிறம் ஏறும். மறுநாள் காலையில் கலையரசன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். போய்ப் பார்த்தால் தட்டுத் தட்டாக எண்பது இலை. மழைக்குப் பிறகு புளியமரத்தில்கூட அவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை. தேவயானி ஒரு பிஸ்கட் மேல் அந்தத் துணித்துண்டை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அடுத்த நாள் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். புதிதாகச் சுடச் சாமை மாவும் இல்லை.

கலையரசன் வேலைப் பையிலிருந்து பெயிண்ட் கம்பெனி ஷேடு கார்டை எடுத்துத் தரையில் விரித்தான்.

"ஒரே பச்ச, கீழேர்ந்து மேல வெளுத்துனே போவுது பாரு. இந்த அழுத்தத்தத் தனியா வெச்சா தப்பாத் தெரியும். வரிசையா வெச்சா?"

தேவயானி கார்டைப் பார்த்தாள். எழுந்துபோய் முட்டையை உடைத்தாள்.

இந்தத் தடவை ஊசி முனையில் தொட்டுத் தொட்டுத்தான் கலரைச் சேர்த்தான். நடுத்தரம் ஒன்று, கிட்டத்தட்ட வெள்ளை ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிஸ்கட்டுக்குப் பூசி, அடைகாக்கிற கோழி மாதிரி எதிரில் உட்கார்ந்துகொண்டான். மாதிரி காட்டு என்றால் சண்டைக்கு வருகிறவன், மத்தியானம் வரை அந்த இரண்டு பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறம் ஏறி நின்ற பிறகுதான் மற்றவற்றைப் பூச விட்டான். நடுத்தரத்தில் இருபது, இளசில் இருபது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினோம். வாணியம்பாடி வீட்டில் பெரிய தாம்பாளம் வாங்கி, கீழே அழுத்தம், நடுவில் நடுத்தரம், மேலே இளசு என்று அடுக்கினாள் தேவயானி. ஃபக்ருன்னிசா அம்மா நெற்றியைச் சுருக்கினார். அவர் கேட்பதற்குள் கலையரசன் முந்திக்கொண்டான்.

"கலரு தப்பாப் போச்சும்மா. தேவயானி மேல தப்பு இல்ல. நான்தான் கலந்தேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

அந்த அம்மா துணித்துண்டை வாங்கிக் கீழ் வரிசையில் வைத்தார். சேரவில்லை. நடு வரிசையிலும் சேரவில்லை. மேல் வரிசையில் வைத்தார். துணி எது, இலை எது என்று தெரியவில்லை. அதற்குள் கல்யாணப் பெண் அஃப்ரா வந்து, இருப்பதிலேயே அழுத்தமான ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னொன்றும் தின்றுவிட்டு அம்மாவிடம் நாக்கை நீட்டிக் காட்டினாள். கிளிப் பச்சை. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் கேட்டது ஒரு கலரு. இது அதவிட நல்லாத்தான் இருக்குது. ஆனா போட்டோல எல்லாரும் பச்ச நாக்கோட நின்னா நீதான் பதில் சொல்லணும், பெயிண்டரே."

உள்ளே போய் ஒரு துண்டு சிவப்புத் துணியோடு வந்தார். கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துணியில் தைத்தது போக மீதி. இதற்கு எத்தனை நாள் வேண்டும் என்று கலையரசனைக் கேட்டார். வழக்கமாக நாளைக்கே முடித்துவிடுகிறேன் என்பவன் அவன்.

"அவளக் கேளுங்கம்மா," என்றான். "காயறதுக்குன்னு ஒரு நாள் கூடக் கேப்பா. குடுங்க."

தேவயானி துணியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பி வரும்போது, பெட்டியில் உடைந்து கிடந்த அழுத்தப் பச்சை இலைகளை மூன்று பேரும் தின்று தீர்த்தோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று விரலைக் காட்டினேன்.