முள் போட்ட வீடு

எனக்குக் கிராமம் என்றாலே ஆகாது. பெங்களூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பசுமை, அமைதி, நல்ல காற்று என்று பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எங்கள் ஆட்கள் வட ஆற்காட்டில் ஏதோ ஒரு கிராமத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தவர்கள். அந்தத் தெருவைவிடப் பூமிக்குள்ளே இருப்பது தேவலை என்றுதான் இங்கே மாரிகுப்பத்துக்கு வந்து தங்கச் சுரங்கத்தில் இறங்கினார்கள். பிறகு சாமியையும் விட்டுவிட்டுப் பௌத்தர்கள் ஆனோம். எனக்குத் திரும்பிப் பார்த்து ஏங்குவதற்கு எந்த ஊரும் இல்லை.

அப்படிப்பட்ட நான் போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிராமத்துக்கு வீடு கேட்டுப் போனேன். எனக்காக இல்லை, அண்ணனுக்காக.

அண்ணன் சுரங்கத்தை மூடுகிறவரைக்கும் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். அவர் கொண்டுவந்தது நெஞ்சு நிறையக் கல்தூசி. சிலிகோசிஸ். மருந்து கிடையாது. தூசி இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மாரிகுப்பத்தில் இருந்துகொண்டு தூசி இல்லாத இடத்துக்கு எங்கே போவது? எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால்தான் சயனைடு மேடு நிற்கிறது. தங்கத்தை எடுத்துக்கொண்டு, அரைத்த மண்ணை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். ஆடிக்காற்று அடித்தால் அந்த வெள்ளை மண் சோற்றில் விழும், தண்ணீர்க் குடத்தில் விழும், தூங்குகிற பிள்ளையின் கண்ணில் விழும். போன வருஷம் ஆடியில் அண்ணன் படுக்கவே இல்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே கிடந்தார். இன்னொரு ஆடி இங்கே இருந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணனுக்கும் அது தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் மகள் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தோம். அண்ணி அங்கேதான் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ஒற்றை அறை, வாசலில் மெயின் ரோடு, நாள் முழுக்க வண்டிப் புகை. போதாததற்கு அண்ணன் விளக்குமாற்றுக் கட்டையால் மேல்தளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் மாடியில் இருந்தவர்கள் சண்டைக்கு இறங்கி வந்துவிட்டார்கள். அது எங்கள் ஊர்ப் பழக்கம். சுரங்கத்தில் தலைக்கு மேலே இருக்கிற பாறையை இரும்புத் தடியால் தட்டிப் பார்க்காமல் எவனும் அடுத்த அடி வைக்கமாட்டான். கெட்டியான சத்தம் வந்தால் போகலாம். பானையைத் தட்டின மாதிரி வந்தால் ஓட வேண்டும். அண்ணன் கல்யாண மண்டபத்தில்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். ஒரு வாரத்தில் இருமலை இரட்டிப்பாக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

விடிகாலை ரயிலில் என்னோடு பெங்களூருக்கு வருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட வயதில் சின்னவள். கிராமத்திலிருந்து ஊரிகம் ஸ்டேஷனுக்கு வந்து ஏறுவாள். வீட்டில் தெலுங்கு, ரயிலில் கற்றுக்கொண்டது தமிழ். அவள்தான் சொன்னாள், தன் ஊரில் ஒரு வீடு சும்மா கிடக்கிறது என்று. நல்ல கல் வீடு. ஊருக்கு ஓரம். சுற்றிலும் மாந்தோப்பு. ஆனால் அடைப்பு வீடு.

கெட்ட நட்சத்திரத்தில் யாராவது செத்தால் அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டைப் பூட்டி, வாசலில் முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் யாரும் உள்ளே போகக் கூடாது. போனால் செத்தவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவாராம். அந்த வீட்டுக்காரர் மாசியில் அப்படிச் செத்திருக்கிறார். அவர் மனைவி எதிரே மாட்டுக் கொட்டகையில் குடியிருக்கிறாள். கெடு முடிந்தாலும் உள்ளே போக அவளுக்குத் தைரியம் இல்லை. நட்சத்திரம் பார்க்காத ஜனம் யாராவது கொஞ்ச நாள் அடுப்பு மூட்டிக் குடியிருந்து, ஒன்றும் ஆகாமல் போனால் வீட்டுத் தோஷம் கழிந்துவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஜாதி எல்லாம் கேக்கமாட்டாங்கக்கா” என்றாள் ரயில்காரி. “அவங்களுக்கு வேற ஆள் கிடைக்கல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனும் கால் வைக்கப் பயப்படுகிற வீடு என்றால் மட்டும் எங்களுக்குத் திறப்பார்களா? ஆனால் ஆடி வந்துகொண்டிருந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

“புத்தரு நமக்கு இதுவரைக்கும் ஒண்ணும் குடுக்கலன்னு நெனச்சேன் பாப்பா. வூடே குடுக்கறாரு.”

எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். மேட்டைத் தாண்டி ஒரு திருப்பம் வரும். அதுவரைக்கும் எங்கள் ஊர் ஆட்கள் ஜன்னல் கண்ணாடியை மூடி வைத்திருப்பார்கள். திருப்பம் தாண்டியதும் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறப்பார்கள். அண்ணனும் திறந்தார். திறந்து, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார்.

ரயில்காரி பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தாள். அங்கிருந்து மண் பாதை. அண்ணன் உடம்பைப் பற்றி அங்கே பேச்செடுக்க வேண்டாம் என்று நடக்கும்போதே என் காதில் சொன்னாள். சரி என்றேன். வீடு கேட்டுப் போகிறவன் எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டா போவான்?

பாதையின் ஒரு பக்கம் நீலகிரித் தைல மரங்கள், கீழே ஒரு புல்கூட இல்லாமல். இன்னொரு பக்கம் ஏரி. ஏரி என்று சொன்னதால் ஏரி. சீமைக் கருவேலம்தான் நிறைந்திருந்தது. அதைத் தாண்டினால் உழுது போட்ட செம்மண், கேழ்வரகு விதைக்க மழையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தக்காளிக்கு விலை இல்லை என்று வண்டி வண்டியாகப் பாதை ஓரத்தில் கொட்டியிருந்தார்கள். அழுகிய தக்காளி நாற்றம். இதைத்தான் பசுமை என்று பாடுகிறார்கள்.

அண்ணன் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை நின்றார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லமாட்டார். மாமரத்தைப் பார்ப்பார். மதகைப் பார்ப்பார். ஒரு பெரிய பாறை வந்ததும் அதன்மேல் உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்.

“இந்தக் கல்லுல ஒரு பொட்டுத் தங்கம் கெடையாது. அதான் ஊரு ஊரா கீது.”

ரயில்காரி சிரித்தாள். அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தோப்பு ஓரமாக நடந்துகொண்டே, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது ஒரு மேஸ்திரியின் சாப்பாட்டுத் தூக்கில் யாரோ தவளையைப் போட்ட கதையைச் சொன்னார். நீளமான கதை. அதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எப்போதும் பாதியில் இருமல் வந்து நின்றுவிடும். அன்றைக்குத் தவளை குதித்து, மேஸ்திரி கத்தி, எல்லோரும் மாட்டிக்கொண்டு முடிகிறவரைக்கும் சொன்னார். முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நடுவில் அவர் நிற்கவே இல்லை.

பறித்து முடித்த தோப்பில் ஒரு மாம்பழம் விழுந்து கிடந்தது. எடுத்து வேட்டியில் துடைத்துக் கடித்தார். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. ஆடி முடிகிறவரை இங்கே இருந்தால் போதும், பிறகு மழை வந்து மேட்டு மண் அடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் வந்து குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மனதில் கணக்குப் போட்டேன். எனக்கு அந்த மாதிரிக் கணக்கெல்லாம் போடும் பழக்கம் கிடையாது.

வீட்டை எனக்குப் பிடித்தது. தடித்த கல் சுவர், கல் பலகை போட்ட கூரை. வாசலில் காய்ந்த கருவேல முள். எதிரே கொட்டகையில் ஒரு மாடு, ஒரு கயிற்றுக் கட்டில், மூன்று கல் வைத்த அடுப்பு. வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கையில் வளையல் இல்லை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். இருபது வருஷம் இந்த வீட்டில் அவருக்குச் சோறு பொங்கிப் போட்டேன், இப்போது அந்தக் கதவைப் பார்க்கவே முடியவில்லை என்றாள். பொய் இல்லை. கதவுக்கு முகம் காட்டாமல் திரும்பித்தான் நின்றாள்.

உங்களுக்கு உண்மையாகவே பயம் இல்லையா என்று அண்ணனிடம் கேட்டாள். பூமிக்குள்ளே ஒரு மைலுக்கும் கீழே செத்தவர்கள் மத்தியில் வேலை செய்தவன், ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை என்றார் அண்ணன். அவளுக்கு அது பிடித்திருந்தது. முகம் தெளிந்துவிட்டது. எப்போது வருகிறீர்கள் என்று அவளே கேட்டாள். அடுத்த ஞாயிறு என்றேன். கொட்டகையிலிருந்து கவைக் கம்பை எடுத்து வந்து, வாசலில் கிடந்த முள்ளை ஒரு பக்கமாகத் தள்ளினாள். தாழ்ப்பாளை நீக்கிவிட்டு விலகி நின்றாள்.

அண்ணன் வாசற்படியில் கால் வைத்தார். வைத்த உடனே கைத்தடியைத் தூக்கி, தலைக்கு மேலே இருந்த கல் பலகையை ஓங்கித் தட்டினார்.

“வத்து, வத்து” என்று அவள் தெலுங்கில் பதறினாள். தட்ட வேண்டாம். அதற்குள் இரண்டாவது தட்டும் தட்டிவிட்டார். மாசியிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. பலகை இடுக்கில் இருந்த சுண்ணாம்பு, மண், குருவிக் கூட்டுச் சருகு எல்லாம் நிமிர்ந்திருந்த அவர் முகத்தில் கொட்டியது.

இருமல் வந்தது. வழக்கமான இருமல் இல்லை. படியிலேயே குந்தினார். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது, உதடு கறுத்தது, காற்றை இழுக்கும்போது துருத்தி கிழிந்த மாதிரி ஒரு சத்தம். நான் முதுகைத் தடவினேன். ரயில்காரி தண்ணீருக்கு ஓடினாள். மாடு எழுந்து நின்று பார்த்தது. வீட்டுக்காரம்மாவும் பார்த்தாள். கொஞ்சமும் கண்ணை எடுக்காமல், அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். அவளுக்கு இது புதிது இல்லை. புருஷன் சாகிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

இருமல் அடங்குவதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள். கவைக் கம்பால் முள்ளை இழுத்து, நாங்கள் நகர்ந்ததும் பழையபடி வாசலில் போட்டாள்.

“இந்த வீட்ல இன்னொண்ணு போச்சுன்னா, அப்புறம் இத எப்பவும் தெறக்க முடியாதும்மா. நான் எங்க போவேன்?”

நான் கத்தினேன். செத்தவனுக்கு ஒரு வீட்டைக் காவல் காத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறவனைத் துரத்துகிறாயே, நீயெல்லாம் ஒரு பெண்ணா என்றேன். இன்னும் கேவலமாகவும் சொன்னேன்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி மூச்சில் அவளிடம் சொன்னார்.

“இன்னாம்மா இது. அப்டி எதுனா வர்ற மாதிரி இருந்தா… நானே எந்திரிச்சு வெளில வந்துடறேன். தோப்புல போய் படுத்துக்கறேன். உள்ள சாகமாட்டேன்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது வேடிக்கை இல்லை. சொல்லிவிட்டுப் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மாட்டுக்குப் புல் எடுத்துப் போடப் போனாள்.

ரயில்காரி கொண்டுவந்த தண்ணீரை அண்ணன் குடித்தார். எனக்கும் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது ஒவ்வொரு மதகிலும் உட்கார்ந்தோம். எதையும் பார்க்கிற மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. வேறு வீடு பார்க்கலாம் அக்கா என்று ரயில்காரி கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். வேறு வீடு என்றால் ஜாதி கேட்பார்கள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ஸில் அண்ணனுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கல்லு நல்ல கல்லு பாப்பா. கேட்டியா? கெட்டியா வந்துச்சு சத்தம். அது வுழாது.”

சாயங்கால வெயிலில் சயனைடு மேடு தெரிந்தது. உச்சியிலிருந்து புகை மாதிரி லேசாக மண் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது, காற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. திருப்பம் வந்ததும் எங்கள் ஊர் ஆட்கள் யாரும் சொல்லாமலே கண்ணாடிகளை இழுத்து மூடினார்கள். அண்ணன் தன் கண்ணாடியை இழுத்துப் பார்த்தார். துரு பிடித்து நகரவில்லை. அவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து அவர் மேல் குனிந்து, இரண்டு கையாலும் இழுத்தேன். பாதிதான் வந்தது.